இடிமுகிலுக்கு எந்தப் பக்கம் நிற்பது?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு வெள்ளவத்தைப் படப்பிடிப்பாளரின் பதில்கள்

சென்ற இதழில் என்னுடைய படம் ஒன்று வெளிவந்தது. டெக்சாஸின் வடக்கு மூலையில் ஒரு கோதுமை வயல், அதன் மேல் தட்டுத் தட்டாக அடுக்கியது போன்ற கரும்முகில், ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு தானியக் களஞ்சியம். 27 வருஷம் வெள்ளவத்தையில் ஸ்டூடியோ நடத்திக் கலியாணமும் சாமத்தியவீடும் எடுத்தவள் நான். ஒக்லஹோமாவில் குடியிருக்கும் என் தம்பி கூப்பிட்டதால் இரண்டு மே மாதங்கள் அந்தச் சமவெளியில் இடிமுகில்களுக்குப் பின்னால் ஓடினேன். படத்தைப் பார்த்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, அந்தப் படத்தில் இருப்பது டோர்னேடோவா?
(தெஹிவளை வாசகர்)

இல்லைத் தம்பி. அது சூப்பர்செல். டோர்னேடோ என்பது முகிலின் அடியிலிருந்து நிலம்வரை இறங்கும் சுழல்காற்று. சூப்பர்செல் என்பது அந்த முகிலே முழுதாகச் சுழல்வது. படத்தில் தட்டுத் தட்டாகத் தெரியும் வரிகள் அந்தச் சுழற்சியின் வரிகள்தான். குயவர் சக்கரத்தில் பானை எழும்போது பக்கத்தில் விழும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், அப்படி.

பெரும்பாலான சூப்பர்செல்கள் டோர்னேடோவை இறக்காமலே கரைந்துவிடும். இரண்டு பயணமும் சேர்த்து 23 நாள் ஓடியதில் நான் டோர்னேடோவைக் கண்டது ஒரே ஒரு தடவை. தூரத்தில், வெள்ளைக் கயிறு போல, எட்டோ ஒன்பதோ நிமிஷம். அந்தப் படத்தை நான் எங்கும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அதைவிட அந்தக் கோதுமை வயல் முகில்தான் எனக்குப் பெரிது. அதன் முன்னால் நின்ற ஒரு மணித்தியாலமும் என் தம்பியும் நானும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

கொழும்பிலும் இடி விழுகிறது, மழை கொட்டுகிறது. அமெரிக்கச் சமவெளியில் மட்டும் முகில் ஏன் சுழல்கிறது?
(பொரளையிலிருந்து ஓர் உயர்தர மாணவி)

மகள், வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையதுதான். தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். தெற்கே மெக்சிக்கோ வளைகுடா, மேற்கே ரொக்கி மலைகள், இடையில் டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ், நெப்ராஸ்கா, தென் டகோட்டா என்று தடுப்பே இல்லாத வெளி. ஏப்ரல் முதல் ஜூன் வரை வளைகுடாவின் ஈரக்காற்று நிலத்தோடு ஒட்டி வடக்கே வரும். அதன் மேலே மெக்சிக்கோவின் மேட்டுநிலத்திலிருந்து வரும் காய்ந்த சூட்டுக்காற்று ஒரு மூடிபோலப் படுத்துக்கொள்ளும். அதற்கும் மேலே, மலைகளைத் தாண்டி வரும் குளிர்ந்த மேல்காற்று மிக வேகமாக ஓடும்.

அந்த மூடி இருக்கிறதே, அதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் காலை பத்து மணிக்கே சின்னச் சின்ன மழையாகப் பெய்து முடிந்துவிடும். மூடி இறுகியிருப்பதால் பின்னேரம் மூன்று, நாலு மணிவரை ஈரமும் சூடும் அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஏதோ ஓர் இடத்தில் மூடி விட்டுக்கொடுக்கும். சேர்ந்த அவ்வளவும் அந்த ஓர் ஓட்டையால் கிளம்பும். வெறும் நீலமாக இருந்த வானத்தில் அரை மணித்தியாலத்துக்குள் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் முகில் எழும்பி நிற்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். விளிம்பெல்லாம் பூக்கோவா போல இறுகி, கொதித்துக்கொண்டே மேலே போகும்.

இனிச் சுழற்சி. ஒரு பென்சிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மேல் கையை மட்டும் முன்னே தள்ளுங்கள். பென்சில் உருளும். சமவெளியில் நிலத்தோடு தென்கிழக்குக் காற்று மெதுவாக வீசும். மேலே போகப் போகத் திசை மேற்குக்குத் திரும்பும், வேகமும் கூடும். நடுவில் அகப்பட்ட காற்று அந்தப் பென்சிலைப் போலப் படுத்தபடி உருளும். மேலெழும் சூட்டுக்காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட்டால் முகில் சுழலத் தொடங்கும்.

நாங்கள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வடக்கே 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருக்கிறோம். ஈரத்துக்கும் சூட்டுக்கும் இங்கே குறைவில்லை. ஆனால் இடி அதிகமாகிற மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மேலே அந்த வேகக்காற்று இல்லை. ஆகவே எங்கள் முகில் நேரே எழும்பும். அதன் மழை அதன் கழுத்திலேயே விழும். விழுந்த மழை தன்னை வளர்த்த காற்றையே குளிர்த்துவிட, ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சூப்பர்செல்லில் மேல்காற்று முகிலைச் சரித்துவிடுவதால் மழை ஒரு பக்கம் விழும், சூட்டுக்காற்று மறுபக்கத்தால் ஏறும். அடுப்பு அணைவதே இல்லை. அதனால்தான் ஒரே முகிலின் பின்னால் நாலைந்து மணித்தியாலம் ஓட முடிகிறது.

செய்தியில் ‘மினி சூறாவளி’ என்கிறார்களே, அதுவும் டோர்னேடோவும் ஒன்றா?
(மட்டக்குளி வாசகர்)

அந்தப் பெயரில் இரண்டு விதமான காற்றைக் கலந்து சொல்கிறார்கள் ஐயா. ஒன்று, இடிமுகிலிலிருந்து குளிர்ந்த காற்று கீழே குத்தென விழுந்து நிலத்தில் மோதிச் சிதறுவது. கூரைத் தகரம் பறப்பதும் தென்னை முறிவதும் பெரும்பாலும் இதனால்தான். மற்றது உண்மையான சுழல்காற்று, எங்கள் நாட்டில் அரிது.

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். விழுந்த மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, அல்லது ஒரு புள்ளியிலிருந்து விரிந்தபடி கிடந்தால் அது விழுந்த காற்று. ஒடுங்கிய பாதையில் உட்பக்கம் பார்த்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தால் சுழல் என்று சந்தேகிக்கலாம். இப்படி விழுந்த மரங்களையும் உடைந்த வீடுகளையும் வானிலிருந்து படமெடுத்துப் படித்தவர்தான் ஜப்பானில் பிறந்த டெட்சுயா ஃபுஜிட்டா. டோர்னேடோவின் வலுவை அளக்க 1971இல் அவர் வகுத்த அளவைத் திருத்தித்தான் 2007 முதல் அமெரிக்காவில் பாவிக்கிறார்கள்.

டோர்னேடோ அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் என்றும் நினைக்க வேண்டாம். 1989 ஏப்ரல் 26இல் பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் பகுதியில் வீசியது ஏறக்குறைய 1,300 உயிர்களைக் கொண்டுபோனது. உலகில் வேறெந்த டோர்னேடோவிலும் அத்தனை பேர் இறந்ததாகப் பதிவு இல்லை. அந்த ஊர்களைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லை என்பது எனக்கு வேதனை.

எனக்கு 24 வயது. அடுத்த வருஷம் எப்படியாவது ஒக்லஹோமா போய் டோர்னேடோவைக் கிட்ட நின்று எடுக்க வேண்டும். எவ்வளவு கிட்டப் போகலாம்?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

தம்பி, கிட்ட என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, உங்கள் ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் நல்ல படத்துக்குத் தூரம்தான் வேண்டும். நன்றாகத் தள்ளி நின்றால்தான் முகிலின் உடல் முழுவதும் படச் சட்டத்துக்குள் வரும். கிட்டப் போனால் மழையும் புழுதியும்தான்.

எங்கே நிற்பது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே இடிமுகில் பெரும்பாலும் கிழக்கு அல்லது வடகிழக்காக நகரும். மழையும் ஆலங்கட்டியும் அதன் வடக்கு, வடகிழக்குப் பக்கத்தில் விழும். சுழலும் அடிப்பாகம் தென்மேற்கு மூலையில் இருக்கும். ஆகவே முகிலுக்குத் தென்கிழக்கே நின்று வடமேற்கே பார்க்க வேண்டும். பின்னேர வெளிச்சம் முகிலின் அடியால் வந்து அதன் உருவத்தைக் காட்டும். தெற்கே ஓடுவதற்கும் வழி இருக்கும். வாகனத்தை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் என் தம்பி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அக்கா, ஓடுற வழி எது?” நான் கையால் காட்டிய பிறகுதான் கமராவைத் தொட விடுவான். முதல் இரண்டு நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் அவன் கேட்காமலே காட்டத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பழக்கத்தை விட்ட ஒரே நாளைச் சொல்கிறேன். கன்சாஸிலும் ஒக்லஹோமாவிலும் நாட்டுப்புறத் தெருக்கள் ஒரு மைல் சதுரமாகக் கட்டம் கட்டமாக ஓடும். போனில் பார்த்தால் எந்தப் பக்கமும் திரும்பலாம் போலிருக்கும். பாதிக்கு மேல் மண் தெரு, மழை விழுந்தால் களி. அன்று நல்ல வெளிச்சம் போகிறதே என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அரை மைல் போவதற்குள் சில்லு புதைந்துவிட்டது. பின்னால் ஆலங்கட்டி வந்தது. முதலில் கோலிக்குண்டு அளவு, பிறகு எலுமிச்சம்பழ அளவு. முன்கண்ணாடி சிலந்தி வலைபோல் வெடித்தது. மடியில் இருந்த பையால் முகத்தை மூடிக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்தபடி இருந்தேன். அது தள்ளிப்போன பிறகு ஒரு கமக்காரர் ட்ரக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றைக்கு என்னிடம் ஒரு படமும் இல்லை. ஆலங்கட்டி எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டால், 2010 ஜூலை 23இல் தென் டகோட்டாவின் விவியன் என்ற சிற்றூரில் விழுந்த ஒன்று 20 சென்ரிமீற்றர் குறுக்களவும் 880 கிராம் நிறையும் இருந்தது. அது தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

போனில் வரும் ராடார் படத்தை நம்பி முகிலுக்குள் நுழைய வேண்டாம். அது சில நிமிஷம் பழைய படம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நகரும் முகில் ஐந்து நிமிஷத்தில் ஐந்து கிலோமீற்றர் தள்ளிவிடும். மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கவும் வேண்டாம். 1999 மே 3இல் ஒக்லஹோமாவில் அப்படி ஒதுங்கிய இடங்களில் மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் அடியால் காற்று இன்னும் வேகமாகப் பாயும்.

டிம் சமராஸ் என்ற பெயரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். டோர்னேடோவின் பாதையில் கருவிகளை வைத்து அளந்த மனிதர். 2003 ஜூன் 24இல் தென் டகோட்டாவின் மான்செஸ்டரில் அவர் வைத்த கருவி, சுழல் அதன் மேலால் போனபோது காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைப் பதிவுசெய்தது. அவ்வளவு கவனமானவர். 2013 மே 31இல் ஒக்லஹோமாவின் எல் ரீனோவில் டோர்னேடோ திசையையும் வேகத்தையும் சட்டென்று மாற்றி, 4.2 கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்தது. அவரும் அவருடைய மகன் பால் சமராஸும் கூட்டாளி கார்ல் யங்கும் அதில் இறந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவருக்கு நடந்தது, தம்பி.

முகிலைவிடத் தெருவுக்குப் பயப்படுங்கள் என்றும் சொல்வேன். 2022 ஏப்ரலில் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் வானிலை படித்த மூன்று பிள்ளைகள் கன்சாஸில் டோர்னேடோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஈரத்தெருவில் வழுக்கி விபத்தில் இறந்தார்கள். நாள் முழுக்க ஓடின களைப்பு, இரவு, மழை. அங்கே வாகனம் ஓடுவது வலப்பக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிறவர், வழிகாட்டி ஓட்டும் குழுவோடு போவதுதான் நல்லது. அப்படி அழைத்துப்போகும் குழுக்கள் அங்கே பல உண்டு.

நல்ல கமரா வாங்கினால்தான் முடியுமா? செலவு எவ்வளவு?
(வத்தளை வாசகி)

என்னுடையது பன்னிரண்டு வருஷப் பழைய கமரா. 24 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று போதும். பெரிய செலவு விமானச் சீட்டும் பெற்றோலும் விடுதியும்தான். முதல் பயணத்தில் 11 நாளில் 6,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடினோம். இருந்த காசுக்கு லென்ஸ் வாங்குவதா பயணம் போவதா என்று யோசித்தால், பயணம்.

கொழும்பில் மின்னலை எடுக்க எந்த இடம் நல்லது? காலிமுகத்திடலா?
(பம்பலப்பிட்டி வாசகர்)

காலிமுகத்திடல் வேண்டாம். அந்தப் புல்வெளியில் நின்றால் சுற்றுவட்டத்தில் உயர்ந்த பொருள் நீங்களும் உங்கள் ட்ரைபொட்டும்தான். அதோடு, மாரியும் கோடையும் மாறும் அந்த மாதங்களில் பின்னேர இடி கடலிலிருந்து வருவது குறைவு. கடற்காற்று உள்ளே ஏறி மலைச்சரிவில் முட்டும் இடத்தில், அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கம், இரண்டு மூன்று மணிக்கு முகில் எழும்பும். உயரத்தில் வீசும் காற்று வாகாக இருந்தால் அந்தி நேரத்தில் மேற்கே தள்ளிக்கொண்டு கொழும்புக்கு வரும். ஆகவே பார்க்க வேண்டியது கிழக்கே. என்னுடைய தொடர்மாடியில் ஆறாம் மாடிப் படிக்கட்டு ஜன்னல் கிருலப்பனை, நுகேகொடைப் பக்கம் பார்த்தது. என் மின்னல் படங்களில் முக்கால்வாசி அந்த ஜன்னலால் எடுத்தவை. இரவு எட்டு மணிக்குப் பிறகு முகில் கடலுக்கு மேலே போய்விடும். அப்போது மேற்கு ஜன்னலுக்கு மாறலாம். தொலைவில் நின்று உள்ளுக்குள்ளேயே மின்னும் முகில் மிக அழகு, இடிச்சத்தம்கூடக் கேட்காது.

இருட்டில் எடுக்கும் முறை இது: ட்ரைபொட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் திறந்திருப்பது 10 முதல் 20 செக்கன். தூரத்து மின்னலுக்கு எஃப் 5.6. தானாகக் குவிப்பதை நிறுத்திவிட்டு, தூரத்தில் எரியும் ஒரு தெருவிளக்கில் கையால் குவித்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துச் சுற்றிவரக் கறுப்புத் துணியால் மூடினால் அறை வெளிச்சம் தெறிக்காது. பிறகு படங்களைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். மின்னலைக் கண்டபின் அமுக்கினால் பிந்திவிடும். இருநூறு படத்தில் மூன்று கிடைத்தால் நல்ல நாள்.

பகலில் கஷ்டம். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டரை லென்ஸின் முன்னால் போட்டு, ஷட்டரைக் கால் செக்கனுக்கு இறக்கிப் பாருங்கள். ஒரு மின்னல் என்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அதே பாதையில் அடுத்தடுத்து இறங்கும் பல அடிகள். அதனால் பகலில் முதல் அடியைக் கண்டதும் அமுக்கினாலும் சிலவேளை மிச்சம் அகப்படும்.

தாமரைக் கோபுரத்தின் பக்கம் பார்த்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உயர்ந்த கோபுரங்களில் சில மின்னல்கள் உச்சியிலிருந்து மேல்நோக்கிப் போகும். கிளைகள் கீழே பார்க்காமல் மரம்போல் மேலே விரிந்திருந்தால் உங்களிடம் இருப்பது அப்படி ஒன்று. பத்திரமாக வையுங்கள்.

ஆட்களின் வீடு உடையும்போது அதைப் படம் எடுக்க மனம் எப்படி வருகிறது?
(பெயர் போட விரும்பாத வாசகி)

இந்தக் கேள்வியை நானும் தம்பியிடம் கேட்டேன். அவன் சொன்ன பதில் ஒன்று உண்டு. 1973 மே 24இல் ஒக்லஹோமாவின் யூனியன் சிற்றியில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு டோர்னேடோவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படம் பிடித்தார்கள். அதே நேரத்தில் நோர்மன் நகரில் இருந்த, காற்றின் வேகத்தையும் அளக்கும் டொப்ளர் ராடாரும் அதே முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான், சுழல் நிலத்தைத் தொட முன்னமே முகிலுக்குள் அதன் அடையாளம் ராடாரில் தெரிகிறது என்று கண்டுகொண்டார்கள். இன்றைய முன்னெச்சரிக்கைகளுக்கு அதுவும் ஓர் அடி. இன்றும் தெருவில் நிற்பவர்கள் கண்டதை உடனே வானிலை நிலையத்துக்கு அறிவிக்கிறார்கள்.

ஆனால் அம்மா, அது முகிலை எடுப்பதற்கான நியாயம், உடைந்த வீட்டின் முன்னால் அழுகிறவரை எடுப்பதற்கான நியாயம் அல்ல. 2004 டிசம்பருக்குப் பிறகு எங்கள் கரைகளுக்கு வந்த கமராக்களை நான் மறக்கவில்லை. அந்த நாட்களில் கமராவை வீட்டில் வைத்துவிட்டுத்தான் நான் முகாமுக்குப் போனேன். சமவெளியிலும் எங்கள் ஒப்பந்தம் அதுவே: வீடு உடைந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள் என்றால், கமரா பைக்குள்.

லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. என்ன செய்வது?
(முகத்துவாரம் வாசகர்)

கடற்கரை ஊரில் எல்லாருக்கும் வருவது. திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்கள் திறக்க வேண்டாம். இனிமேல் மழையில் நனைந்த கமராவைப் பைக்குள் மூடி வைக்காமல் மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு வையுங்கள். பிறகு இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு.

என் மகனுக்கு 16 வயது. இடி முழங்கினால் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறான். கத்திக் கத்தி அலுத்துவிட்டேன். நீங்களாவது சொல்லுங்கள் அக்கா.
(வெள்ளவத்தைத் தாய்)

தங்கச்சி, இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள். மிச்சம் அவனுக்கு:

மகன், மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கு. சத்தம் மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் போகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, அடுத்தது உன் மாடியில் விழலாம். மழை தொடங்கவில்லையே என்று நினைக்காதே. மழைக்கு வெளியே பல கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் விழும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும்வரை மேலே போகாதே. வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விடும் நாளில் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கிழக்கு ஜன்னலில் இடம் பிடி. போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிடு, நீ பின்னால் கதிரையில் இரு. பிறகு அந்த வீடியோவிலிருந்து மின்னல் விழுந்த தனிப் படத்தைப் பிரித்தெடு. வானம் வெடித்துக்கொண்டிருக்கும்போது ஓடுகிற வழி எது என்று என் தம்பி என்னைக் கேட்பான். உன் வீட்டில் அதற்கு விடை உள்ளே, கதவுக்கு இந்தப் பக்கம்.

ஏப்ரலில் எடுக்கும் படத்தில் நல்லதாக ஒன்றைக் கடையில் அச்சடித்து எனக்கு அனுப்பு. பின்பக்கத்தில் திகதி, நேரம், எந்தத் திசை பார்த்து எடுத்தாய், மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எத்தனை செக்கன் எண்ணினாய் என்று எழுது. அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.